மறதி நோயாளர் பராமரிப்பு இல்லத்திற்கு மாறும் நிலை ஏன் ஏற்படுகிறது?

டிமென்ஷியா எனப்படும் மறதி நோய், நினைவாற்றலையும் சிந்திக்கும் திறனையும் அன்றாடச் செயல்களைத் தாமே செய்துகொள்ளும் திறனையும் படிப்படியாகக் குறைக்கிறது. 2023-ஆம் ஆண்டில் வெளியான தேசிய ஆய்வு ஒன்றின்படி, இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் சுமார் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இந்நோயுடன் வாழ்கின்றனர். இவர்களுள் பெரும்பாலோரை மனைவி, மகள், மருமகள் போன்றோர் வீட்டிலேயே கவனித்து வருகின்றனர்.

முக்கியக் காரணங்கள்

• இரவில் உறங்காமை, வீட்டைவிட்டு வெளியேறி வழிதவறுதல்
• சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றி வெளியேறுதல்
• சந்தேகம், கோபம், அடிக்க முற்படுதல்
• அடிக்கடி கீழே விழுதல், எலும்பு முறிவு
• தனித்து வாழ்தல், துணைவரின் மறைவு, பிள்ளைகள் வெளியூரில் பணிபுரிதல்
• பராமரிப்பவரின் உடல்நலக் குறைவு, மனச்சோர்வு

நோயின் தீவிரம் மட்டுமன்றி, பராமரிப்பவரின் களைப்பும் இம்முடிவைத் தீர்மானிக்கிறது.

முதலில் செய்யவேண்டியவை

ஓரிரு நாளில் குழப்பம் திடீரென மிகுந்தால், அதனை நோயின் முற்றிய நிலை என எண்ணிவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி, மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவை காரணமாகலாம். இவற்றைச் சரிசெய்ய இயலும். உடனே மருத்துவரை அணுகவும். திண்டுக்கல் வட்டாரத்தினர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆலோசனை பெறலாம்.

நாகல் நகர் போன்ற இரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள நெருக்கமான பகுதிகளில் வசிப்போர், அண்டை வீட்டார், ஆட்டோ ஓட்டுநர், தேநீர்க்கடைக்காரர் ஆகியோரிடம் நிலைமையை முன்கூட்டியே தெரிவிப்பது நன்று. நோயாளரின் சட்டைப்பையில் தொலைபேசி எண் எழுதிய அட்டை இருக்கட்டும். இரவுப் பொறுப்பை உடன்பிறந்தோர் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும்போது

நோயாளர் தம் விருப்பத்தைக் கூறக்கூடிய தொடக்க நிலையிலேயே அவரிடம் கேட்டறியுங்கள். இரவில் பணியாளர் உள்ளனரா, மறதி நோய் குறித்துப் பயிற்சி பெற்றவர்களா, நோயாளரைக் கட்டிவைக்கும் வழக்கம் உண்டா, உறவினர் எந்நேரமும் வந்து பார்க்கலாமா என்பவற்றை நேரில் சென்று விசாரிக்கவும்.

இல்லத்தில் சேர்ப்பது கைவிடுதல் ஆகாது. சேர்த்தபின் தவறாமல் சென்று பார்ப்பதும், அவருக்குப் பழகிய போர்வை, புகைப்படம், பாடல் ஆகியவற்றை உடன் வைப்பதும் பராமரிப்பின் தொடர்ச்சியே.

உதவிக்கு: மூத்த குடிமக்கள் உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416.