மலையமான் நாட்டில் சொல்லப்பட்டவை

பள்ளிக் கரும்பலகையின் மேல் ஓரத்திலும், நாட்காட்டித் தாள்களிலும், காலைதோறும் கைப்பேசிக்கு வந்து சேரும் வணக்கப் படங்களிலும் பெரியோரின் பொன்மொழிகள் நிறைந்து கிடக்கின்றன. ஆயினும் யார், யாரிடம், எந்த நெருக்கடியில், எதை இழக்கத் துணிந்து அவற்றைச் சொன்னார் என்ற செய்தி கழன்றுபோய் வெறும் வாக்கியம் மட்டும் கைமாறுவதால், படிப்பவரின் அன்றாட வாழ்வில் எதையும் அசைக்காமலே அவை பெரும்பாலும் கடந்து போகின்றன. ஒருவரைச் செயலில் இறங்கச் செய்யும் உள்விசையே ஊக்கம் என்றால், வரலாற்று மனிதரின் சொல்லிலிருந்து அது பிறப்பதற்கு அச்சொல்லின் சூழலும் உடன் தெரிந்திருக்க வேண்டும். இதை உணர்த்துவதற்குக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைப் போல் பொருத்தமான நிலப்பகுதிகள் தமிழகத்தில் மிகச் சிலவே உள்ளன.

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து 2019-ஆம் ஆண்டு பிரிக்கப்பட்ட இம்மாவட்டத்தின் மேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய கல்வராயன் மலை எழுந்து நிற்கிறது. வடகிழக்கே தென்பெண்ணைக் கரையில், சங்க நூல்கள் கோவலூர் என்று குறிப்பிடும் திருக்கோவிலூர் அமைந்துள்ளது. இவ்வூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட குறுநில வேந்தர் மரபினரே மலையமான்கள். அவர்களுள் புகழ் மிக்கவனாகிய மலையமான் திருமுடிக்காரி கடையெழு வள்ளல்களில் ஒருவன். இந்த மரபை நோக்கியும் இந்த மரபுக்காகவும் புலவர்கள் சொன்ன சொற்கள் புறநானூற்றில் தங்கியிருக்கின்றன.

அவற்றுள் ஒன்று சில குழந்தைகளின் உயிரைக் காத்தது. சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், தன் பகைவனான மலையமானின் சிறுவர்களை யானைக் காலில் இடறிக் கொல்ல முற்பட்டபோது, கோவூர் கிழார் என்னும் புலவர் அவைக்கு வந்து பாடி அவர்களை உய்யக்கொண்டார் என்று புறநானூற்றின் 46-ஆம் பாட்டுக்குரிய பழைய குறிப்பு சொல்கிறது. புலவர் அங்கே அரசனைப் பழிக்கவுமில்லை, கருணைக்காகக் கெஞ்சவுமில்லை. ஒரு புறாவின் துயர் தீர்க்கத் தன்னையே கொடுத்தவனின் வழித்தோன்றல் நீ என்று முதலில் சோழனுக்கு அவன் முன்னோனை நினைவூட்டுகிறார். அடுத்து, இச்சிறுவர்கள் புலமையால் வாழ்வோரின் வறுமை கண்டு அஞ்சித் தம்மிடம் உள்ளதைப் பகுத்துண்ணும் குடியில் வந்தவர்கள் என்கிறார். பின்னர், களிற்றைக் கண்ட வியப்பில் அழுகையையே மறந்துவிட்ட அவர்கள், முன்பின் பார்த்திராத மன்றத்தைக் கண்டு மருண்டு நிற்பதைச் சுட்டுகிறார். இவ்வளவையும் கேட்டாயாயின் இனி நீ விரும்பியதைச் செய் என்று முடிவை அரசனிடமே விட்டுவிடுகிறார். ஊக்கமூட்டும் சொல் எவ்வாறு இயங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்: கேட்பவனுக்குப் புதிதாக எதையும் அது கற்பிக்கவில்லை, அவனுக்குள் ஏற்கெனவே இருந்த பெருமிதத்தை எழுப்பி, அதற்கு ஏற்ற செயலை அவன் கண்முன் நிறுத்தி, தேர்ந்துகொள்ளும் உரிமையை அவனிடமே ஒப்படைத்தது.

காரியை நேரில் பாடிய சங்கப் புலவர் கபிலரின் சொற்களில் வேறொரு வகையான வலிமை உண்டு. பரிசில் பெற வந்தவர் பரிசில் தருபவனுக்கே அறிவுரை கூறும் துணிவு அது. 121-ஆம் பாட்டில், கொடுப்பது எளிது, பெறுவோரின் தகுதியை அறிவதே அரிது, ஆகவே புலவர் எல்லோரையும் ஒரே கண்ணால் பார்ப்பதை விட்டுவிடு என்று காரிக்கே அவர் எடுத்துரைக்கிறார். 123-ஆம் பாட்டிலோ, காலையிலேயே கள்ளுண்டு மகிழ்ந்திருக்கும்போது தேரைக் கொடுப்பது யாருக்கும் எளிது, கள்ளின் மகிழ்ச்சி இன்றித் தெளிந்த நிலையில் மலையனாகிய காரி ஈந்த தேர்களோ முள்ளூர் மலையுச்சியில் விழும் மழைத்துளிகளினும் பல என்று பாராட்டுகிறார். கள் இயல்பான உணவாகக் கருதப்பட்ட காலத்தில் பாடப்பட்டது என்பதால் இதை மதுவிலக்குப் பாட்டாகக் கொள்வது பொருந்தாது. ஒரு செயலின் மதிப்பு அதைச் செய்தபோது இருந்த மனத்தின் தெளிவைப் பொறுத்தது என்ற அளவுகோலையே கபிலர் இங்கே வைக்கிறார். 2024 ஜூன் மாதத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு, பெரும்பாலான செய்திகளில் இம்மாவட்டத்தின் பெயர் அந்தத் துயரத்தோடு மட்டுமே சேர்த்துப் பேசப்படுகிறது. அதே மண்ணில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு தெளிந்த மனத்தின் கொடையே உயர்ந்தது என்று சொல்லப்பட்டிருக்கிறது என்பது, துயரத்திலிருந்து மீள முயலும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு யாரேனும் எடுத்துச் சொல்ல வேண்டிய செய்தி.

பெரியோரின் சொல் சில வேளைகளில் அடுத்து வருபவரைத் தயங்கவும் வைக்கிறது. கபிலருக்குப் பின் காரியைப் பாடிய மாறோக்கத்து நப்பசலையார் என்னும் பெண்பாற் புலவர், பிறர் பாடுவதற்கு இடமில்லாதபடி கபிலர் பாடிவிட்டார் என்பதை 126-ஆம் பாட்டில் மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார். சேரனின் மரக்கலங்கள் சென்ற மேலைக்கடலில் வேறு கலங்கள் செல்ல முடியாததைப் போன்றது தம் நிலை என்றும், இருந்தும் வறுமை துரத்தியதால் பாட வந்ததாகவும் அவர் சொல்கிறார். முன்னோர் உயரத்தைக் கண்டு அஞ்சிய பின்னும் தம் சொல்லைச் சொன்ன அவருடைய பாட்டு, இன்று கபிலர் பாட்டுகளோடு ஒரே நூலில் வைத்துப் படிக்கப்படுகிறது.

திருக்கோவிலூர் வட்டாரத்து ஜம்பையில் 1981-இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதாவது தமிழை எழுதுவதற்குப் பயன்பட்ட மிகப் பழைய எழுத்து வடிவில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, இவ்வரிசையில் தனித்து நிற்கிறது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி துறவியர் தங்குவதற்குக் குகை உறைவிடம் ஒன்றைக் கொடையாக அளித்ததை அது கூறுகிறது. அஞ்சியை அப்பெயராலேயே சுட்டுவதால், அசோகரின் கல்வெட்டுகளில் இடம்பெறும் சத்தியபுத்திரர் யார் என்ற நீண்ட கால ஐயத்தையும் அது தீர்த்து வைத்தது. காரியின் கோவலூரைப் போரில் அழித்தவன் இதே அஞ்சி என்று ஔவையாரின் புறப்பாட்டு சொல்கிறது. வென்ற நாட்டின் பாறையில் அவன் பெயரைத் தாங்கி நிற்பது வெற்றிச் செய்தி அல்ல, ஒரு சிறு கொடையின் செய்தி என்பதை அறிந்து அப்பாறையைப் பார்க்கும் இளைஞர், தம் பெயர் எதனோடு சேர்ந்து நிலைக்க வேண்டும் என்று எண்ணாமல் திரும்புவது அரிது.

நூலில் படித்த சொல்லால் நெகிழ்ந்த ஒருவர் பின் வீட்டைவிட்டே புறப்பட்ட வரலாறும் இவ்வூரைத் தொட்டுச் செல்கிறது. பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று அறியப்பட்ட வேங்கடராமன், மதுரையில் பள்ளி மாணவராக இருந்தபோது, அறுபத்துமூன்று அடியார்களின் வாழ்வைக் கூறும் பெரியபுராணத்தைப் படித்து ஆழ்ந்து நெகிழ்ந்தார். அவ்வடியார்களில் ஒருவர் திருக்கோவிலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனார்; அடியார் வேடத்தில் வந்து தம்மைக் குத்திய பகைவனைத் தம் காவலன் கொல்ல வந்தபோது, அதைத் தடுத்து, அவனைப் பத்திரமாக ஊர் எல்லை கடத்திவிடச் சொன்னவர் அவர். 1896 ஆகஸ்டு இறுதியில், 16 வயதில், கையில் போதிய பணமின்றித் திருவண்ணாமலைக்குப் புறப்பட்ட அச்சிறுவர், வழியில் திருக்கோவிலூரின் கீழூர் வீரட்டேசுவரர் கோயிலுக்கு வந்து, அங்கே தம் காதுக் கடுக்கன்களை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்துப் பயணத்தைத் தொடர்ந்தார். செப்டம்பர் 1-ஆம் நாள் அண்ணாமலையை அடைந்தார்.

அவருக்குச் சில ஆண்டுகளுக்குப் பின், 1904-இல், தென்னாப்பிரிக்க ரயில் பயணம் ஒன்றில் ஜான் ரஸ்கினின் நூலைப் படித்து முடித்த காந்தி, அவ்வாண்டிலேயே டர்பன் அருகே பீனிக்ஸ் குடியிருப்பைத் தொடங்கினார். படித்ததற்கும் செய்ததற்கும் இடையே நீண்ட காலத்தை இருவருமே கழியவிடவில்லை. பரிசும் தண்டனையும் தரும் தூண்டுதலைப் புறத்தூண்டல் என்றும், ஒரு செயலில் உள்ள ஆர்வத்தாலும் மகிழ்வாலுமே அதைச் செய்யும்போது எழுவதை அகத்தூண்டல் என்றும் பிரிக்கும் உளவியலாளர்கள் எட்வர்டு டெசியும் ரிச்சர்டு ரையனும், நாமே தேர்ந்துகொண்டோம் என்ற உணர்வை அகத்தூண்டலின் அடிப்படைத் தேவைகளுள் ஒன்றாகக் கூறுகின்றனர். கோவூர் கிழார் முடிவைச் சோழனிடமே விட்டதன் நுட்பம் இதனால் மேலும் விளங்கும். இதற்கு மாறாக, உலகில் காண விரும்பும் மாற்றமாக நீயே இரு என்று காந்தியின் பெயரில் உலவும் வாசகம் அவருடைய எழுத்துகளில் அந்த வடிவில் காணப்படாததைப் போல, சொன்னவரும் சூழலும் தெரியாத மேற்கோள்கள் பெருகியுள்ளன; அவை சில நிமிடங்களுக்கு மனத்தைச் சூடேற்றுவதோடு நின்றுவிடுகின்றன.

உயர்ந்த சொல் தானாகவே எல்லாவற்றையும் மாற்றிவிடாது என்பதற்குக் கல்வராயன் மலையே சான்று. கட்டாய உழைப்பைத் தடைசெய்யும் அரசியலமைப்பின் 23-ஆம் உறுப்பு 1950 முதல் நடைமுறையில் இருந்தும், மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழும் இம்மலைகளில் கூலியின்றி மக்களிடம் வேலை வாங்கிய நிலமானியக்காரர்களான ஜாகீர்தார்களின் ஆட்சியுரிமை 1976 வரை நீடித்தது. அம்பேத்கர் தலைமையில் வரைந்தளிக்கப்பட்ட சொற்கள் மலையேறக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. சட்டத்தை நடைமுறைப்படுத்தும் கைகளும், அது தங்களுக்காக எழுதப்பட்டது என்று மக்களிடம் எடுத்துச் சொல்லும் நாவுகளும் இல்லாத இடத்தில், சொல் தாளில்தான் கிடக்கும். இம்மலைமேல் உள்ள வெள்ளிமலையிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் பணிபுரியும் ஆசிரியரின் கடமை இதனால் மிகப் பெரிதாகிறது.

ஆகவே இம்மாவட்டத்துப் பள்ளிகள் கரும்பலகையில் நாள்தோறும் ஒரு பொன்மொழியை எழுதி அழிப்பதைக் குறைத்துக்கொண்டு, ஒரு மாதத்திற்கு ஒரே ஒரு சொல்லை எடுத்து, அதைச் சொன்னவர், கேட்டவர், சொன்ன நேரத்தின் ஆபத்து ஆகியவற்றோடு மாணவர்க்கு விளக்க வேண்டும். மலைமேல் உள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளின் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருமுறையேனும் கீழே அழைத்து வந்து, தம் நண்பனான வள்ளல் பாரியின் மகளை மலையனுக்கு மணம் செய்து கொடுத்தபின் கபிலர் உயிர் துறந்த இடமாகக் கீழூர்க் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டு குறிப்பிடும் பெண்ணையாற்றுப் பாறையையும், ஜம்பைக் கல்வெட்டையும் நேரில் காட்ட வேண்டும். கோவூர் கிழார் பாட்டைப் படித்துப் பொருள் சொல்லி முடித்த பின், அந்தச் சோழனின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு, பிள்ளைகள் விடை சொல்லும்வரை ஆசிரியர்கள் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.