குற்றவியற் கல்வியும் நமது கரையோரமும்

2004 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26 ஆம் நாள் கடல் பொங்கிக் கரையேறியது. அன்று அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்கள் பறிகொடுத்த உயிர்களின் தொகை, இலங்கையின் வேறெந்த மாவட்டமும் பறிகொடுத்ததினும் மிகுதியாகும். அப்பேரழிவினிடையே கைக்குழந்தையொன்று உயிரோடு கண்டெடுக்கப்பட்டுக் கல்முனை வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டது. அன்று அங்கே சேர்க்கப்பட்டோர் வரிசையில் அதன் இலக்கம் 81. அவ்விலக்கமே அதற்குப் பெயராகி உலகெங்கும் பரவிற்று. அது தம் பிள்ளையே என்று ஒரு தம்பதியர் உரிமை கோரினர். வீடுகளோடு பத்திரங்களும் புகைப்படங்களும் அள்ளுண்டு போயிருந்த நேரம் அது. விடயம் கல்முனை நீதிமன்றத்தின் முன் வந்தது. நீதிமன்றம் மரபணுப் பரிசோதனைக்குக் கட்டளையிட்டது. 2005 பெப்ரவரி மாதத்தில் முடிவு வெளியாயிற்று. அத்தம்பதியரே பெற்றோர் என்பது ஐயமற நிலைநாட்டப்பட்டது. குழந்தை தாயின் கரத்தை அடைந்தது.

இந்நிகழ்ச்சியிற் குற்றம் ஏதும் இல்லை. எனினும், இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட கல்வியின் உயிர்நிலை இதனுள்ளே இருக்கின்றது. கண்ணீரைக் கண்டு நீதிமன்றம் இரங்கலாம். ஆனால் கண்ணீரையே சான்றாகக் கொள்ளல் ஆகாது. உண்மை யாது, அதனை எவ்வழியிற் கண்டறிவது, கண்டறிந்ததை எவ்வாறு ஐயத்துக்கிடமின்றி நிறுவுவது என்பனவே பொலிஸ் சேவையையும் குற்றவியல் நீதியையும் பற்றிய பல்கலைக்கழகக் கல்வி எழுப்பும் வினாக்களாகும்.

“பொலிஸில் சேர்வதற்கும் ஒரு பட்டமா?” என்று பெற்றோர் சிலர் வியப்புறுவர். இவ்வியப்பு புதியதன்று. அமெரிக்காவிலே பெர்க்லி நகரப் பொலிஸ் தலைவராயிருந்த ஆகஸ்ட் வோல்மர் தாம் அதிகம் பள்ளி சென்று கற்றவரல்லர். ஆயினும், அறிவு பெறாத கையில் அதிகாரம் இருத்தல் ஆபத்து என்பதை அவர் உணர்ந்தார். 1916 ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலே பொலிஸாருக்கான பாடங்கள் தொடங்குவதற்கு அவரே காரணரானார். இதற்கு முன்னரே, 1897 இல், கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் நிறுவப்பெற்றது. கைரேகைகளை வகைப்படுத்தும் முறையை வகுப்பதில் அங்கே உழைத்தவர்கள் அஸீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரு இந்தியர் ஆவர். இந்தியாவின் சாகர் பல்கலைக்கழகத்தில் 1959 இலும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1965 இலும் குற்றவியற் கல்வி இடம்பெறலாயிற்று. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இதற்கெனத் துறையொன்று உண்டு. நம் நாட்டில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகம் குற்றவியலையும் குற்றவியல் நீதியையும் பட்டப் பாடமாகக் கற்பிக்கின்றது.

இப்பட்டத்திற்குப் படிக்கும் மாணவர் எவற்றைக் கற்பர்? பாடங்களின் பெயர்களை அடுக்கிச் சொல்வதிலும், நம்மூர்க் காட்சியொன்றைக் கற்பனை செய்து பார்ப்பது பயன் தரும். மருதமுனைக் கரையிலே மீனவர் ஒருவரின் தோணி இயந்திரம் இரவோடிரவாகக் காணாமற் போகின்றது என்று வைத்துக்கொள்வோம். விடிந்ததும் அவர் பொலிஸ் நிலையம் செல்கின்றார்.

நடந்தது களவுதானா என்பது முதல் வினா. மச்சான் முறையானவர் கேளாமல் இரவல் எடுத்துச் சென்றிருந்தால் அது என்ன? நேர்மையற்ற எண்ணம் இருந்ததா என்பதைப் பொறுத்தே விடை அமையும். இதனை உரைப்பது 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவை. மாணவர் முதலிற் கற்பது இதுவே.

அடுத்து, மீனவரின் வாக்குமூலம். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, அதனை எழுத்தில் எடுக்க வேண்டும் என்கின்றது. எழுதியதை அவருக்குக் காட்டவோ வாசித்துச் சொல்லவோ வேண்டும். எழுதப்பட்ட மொழி அவருக்கு விளங்காதெனின், விளங்கும் மொழியிற் பெயர்த்துரைக்க வேண்டும். அதன்மேல் விளக்கம் கூறவும் புதிதாகச் சேர்க்கவும் அவருக்கு உரிமையுண்டு. நேயர்களே, இவ்விடத்திற் சற்று நின்று சிந்திப்போம். 1956 இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தமே தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சட்டம் மாறியதும் எல்லா மேசைகளிலும் மொழி மாறிவிடுவதில்லை. தமக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தின் கீழே கையொப்பமிட்டு வந்த அனுபவம் நம்மவருக்கு அந்நியமானதன்று. “இரவு பத்து மணிக்குப் பிறகு” என்று அவர் சொன்னது “பத்து மணிக்கு” என்று பதியப்பட்டால், பின்னாளில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு அவரைப் பொய்யராக்கலாம். தமிழறிந்த, சட்டமும் அறிந்த அதிகாரியொருவர் அம்மேசையில் அமர்ந்திருப்பதன் அருமை இதனாற் புலனாகும்.

மூன்றாவது, சான்று. கரைமணலிற் பதிந்த தடம் அலை வந்தால் அழியும். தோணியின் மரத்திற் படிந்த கைரேகை பலர் தொட்டால் கெடும். எதனை முதலிற் காப்பது, எவ்வாறு பொதியிட்டு முத்திரையிடுவது, அப்பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது என்பதை எவ்வாறு பதிவது ஆகியவற்றைத் தடயவியல் கற்பிக்கும். இத்தொடர் ஓரிடத்தில் அறுந்தால் ஆய்வுகூடத்தின் திறமையும் வீணாகும்.

நான்காவது, சந்தேகநபர். முன்னொரு வழக்கில் அகப்பட்ட இளைஞன் ஒருவன் மீது ஊர் விரல் நீட்டுகின்றது. “அவனைத் தவிர வேறு யார்?” என்கின்றனர். இங்கேதான் கற்றவருக்கும் கல்லாதவருக்கும் உள்ள வேற்றுமை தெரியும். பொலிஸ் உத்தியோகத்தரிடம் ஒருவன் அளித்த குற்ற ஒப்புதலை அவனுக்கெதிராக நிரூபித்தல் ஆகாது என்பது, 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் வகுத்த பொது விதி. ஏன் இவ்விதி? அடியும் அச்சமும் எவர் வாயிலிருந்தும் எதனையும் வரவழைக்கும் என்பதைச் சட்டம் அறியும். பிடியாணையின்றிக் கைதுசெய்யப்பட்டவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்பது பொதுச் சட்டத்தின் மற்றொரு காவல். சித்திரவதையை 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம் தனிக் குற்றமாகவே ஆக்கியுள்ளது. இவ்விதிகள் கள்வனைக் காப்பதற்காக வந்தவை என்று எண்ணுதல் பிழை. நிரபராதி ஒருவன் சிறை சென்றால், உண்மைக் கள்வன் அடுத்த தோணியைத் தேடி அச்சமின்றி நடப்பான். மீனவருக்கும் இயந்திரம் திரும்பாது.

ஐந்தாவது, திருடியவன் சிறுவனாயின்? 2018 இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 12 வயதுக்குட்பட்ட பிள்ளையின் செயல் குற்றமாகாது. அதற்கு மேல் 14 வயது வரை, அவனது பக்குவம் ஆராயப்பட வேண்டும். பள்ளியை விட்டவன் ஏன் விட்டான், கடன் யாருக்கு, போதைப்பொருள் எவ்வழி வந்தது என்று காரணங்களைத் தேடுவது குற்றவியலின் பணி. தண்டனை திருத்துமா, தீய நட்பையே வளர்க்குமா என்று ஆராய்வது தண்டனையியலின் பணி. நன்னடத்தை அதிகாரியும், 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த சமுதாயஞ்சார் சீர்திருத்தமும், 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகளும் சிறைக்கு அப்பாலும் நீதிக்கு வழியுண்டு என்பதைக் காட்டுவன.

நமது ஊர்களுக்கே உரிய வேறொரு நிலையும் உண்டு. திடீரென ஒருவர் மரணமானால், ஜனாஸாவைத் தாமதியாது அடக்கம் செய்ய வேண்டும் என்று குடும்பத்தார் துடிப்பர். அது மார்க்கக் கடமை. மரணத்தின் காரணம் தெளியாதவிடத்து, திடீர் மரண விசாரணை அதிகாரி விசாரிப்பதும், தேவையெனிற் சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிப்பதும் சட்டக் கடமை. இரண்டையும் மதிக்கத் தெரிந்த ஒருவர் இடையில் நின்றால் வீண் மனக்கசப்பு எழாது. இன்ன காரணத்துக்காக இப்பரிசோதனை, இன்ன நேரத்துக்குள் முடிக்க முயல்வோம் என்று வீட்டு முற்றத்தில் நின்று பணிவாக எடுத்துரைத்தால், துயருற்றோரும் செவிசாய்ப்பர். நஞ்சூட்டலோ தாக்குதலோ மறைந்திருந்தால், மண்ணுக்குள் மறையாமல் வெளிப்படுவது இறந்தவருக்கு நாம் செய்யும் இறுதி நீதியுமாகும்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டினுள்ளே வதைபட்ட பெண்ணோ, துன்புறுத்தப்பட்ட சிறுமியோ, ஆடவர் நிறைந்த அறையில் வாய் திறப்பது அரிது. பொலிஸ் நிலையங்களில் சிறுவர், மகளிர் முறைப்பாடுகளுக்கெனத் தனிப்பிரிவுகள் இருக்கின்றன. அங்கே தம் மொழி பேசும் பெண் அதிகாரி இருந்தாற்றான் அப்பிரிவு பெயரளவில் நில்லாமற் பயன் தரும். நமது புதல்வியர் இத்துறைக்குச் செல்லாமலிருக்க, நமது சகோதரியர்க்கு உதவி எங்கிருந்து வரும்?

பட்டம் பெற்ற நாளிலேயே சீருடை கிடைத்துவிடும் என்று எவரும் மயங்க வேண்டாம். பொலிஸ் சேவைக்கான ஆட்சேர்ப்பும் உடற்தகுதியும் பயிற்சியும் வேறானவை. ஆனால் வழி அது ஒன்றே அன்று. நன்னடத்தைச் சேவை, சிறைச்சாலை நிருவாகம், சிறுவர் பாதுகாப்பு, மனித உரிமைப் பணி, ஆராய்ச்சி எனப் பல வாயில்கள் உண்டு. க.பொ.த. உயர்தர வகுப்பில் உள்ளோர் இப்போதே மூன்றினைப் பழகுதல் நன்று. முதலாவது, தமிழோடு சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் கற்றல். இரண்டாவது, கண்டதைக் கண்டவாறே கூட்டாமற் குறைக்காமல் எழுதல். மூன்றாவது, தமக்குப் பிடிக்காதவனின் பக்கத்தையும் பொறுமையோடு கேட்டல். தொலைவு செல்ல வசதியில்லாதோர், 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றிய ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திற் சமூகவியல் கற்றும் இத்துறைக்கு அடித்தளம் இடலாம்.

நேயர்களே, பொலிஸ் நிலையத்தின் படியேற அஞ்சும் ஊரில் களவு கொடுத்தவர் மௌனியாகின்றார்; களவு செய்தவனே துணிவு பெறுகின்றான். அவ்வச்சத்தைச் சுவரொட்டிகளால் நீக்க முடியாது. மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவர் நம் சொல்லை விளங்கிக்கொள்வார், விளங்கியதை மாற்றாமல் எழுதுவார், எழுதியதைச் சான்றோடு ஒப்புநோக்குவார் என்ற நம்பிக்கை ஒன்றே அதனை நீக்கும். அன்று 81 ஆம் இலக்கக் குழந்தை தாயிடம் சேர்ந்தது அத்தகைய ஒழுங்கின் பயனால். அவ்வொழுங்கைக் கற்றுவர நம் பிள்ளைகளுள் ஒருவர் புறப்பட்டால், “பொலிஸுக்கா?” என்று தடுக்காமல், “உண்மையைக் கற்று வா” என்று வழியனுப்புவோமாக.