வெட்டு ஒன்று, துண்டு ஆறாயிரம் கோடி! படத்தை நறுக்கும் இலவச மென்பொருள்களும் பெங்களூருவும்... தெரியுமா?

உங்கள் போனில் கிடக்கும் ஜேபெக் போட்டோ ஒவ்வொன்றும் ஏற்கெனவே துண்டு துண்டாக நறுக்கப்பட்டதுதான், தெரியுமா?

நம்ப முடியவில்லையா? 4,000 பிக்சல் அகலம், 3,000 பிக்சல் உயரம் உள்ள ஒரு 12 மெகாபிக்சல் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜேபெக் அதை 8க்கு 8 என்று குட்டிக் குட்டிச் சதுரங்களாக வெட்டித்தான் சேமிக்கிறது. மொத்தம் எத்தனை சதுரம்? 1,87,500! குழந்தையின் பிறந்தநாள் படம் ஒன்றிலேயே ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் துண்டுகள்!

சரி, அந்தச் சதுரங்களுக்குள் ஓடும் கணக்கைக் கண்டுபிடித்தவர் எந்த ஊர்க்காரர் தெரியுமா?

பெங்களூரு!

பெயர் நசீர் அகமது. 1940-இல் பெங்களூருவில் பிறந்தவர். 1961-இல் அங்கேயே விஸ்வேஸ்வரய்யா பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்று அமெரிக்கா போனார். ஒவ்வொரு சதுரத்திலும் இருக்கும் 64 எண்களைக் கொசைன் அலைகளாக மாற்றி, கண்ணுக்குத் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிடுவதுதான் அவர் யோசனை. 1972-இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் ஆராய்ச்சிப் பணம் கேட்டார். என்ன பதில் வந்தது தெரியுமா? நிராகரிப்பு! ஏன்? யோசனை ரொம்பச் சுலபமாக இருக்கிறதாம்! இதைவிடப் பெரிய பாராட்டு ஒரு கணக்குக்குக் கிடைக்குமா என்ன?

அவர் விடவில்லை. 1974 ஜனவரியில் கட்டுரை வெளிவந்தது. எத்தனை பக்கம்? நான்கே நான்கு! கூட எழுதியவர்கள் டி. நடராஜனும் கே. ஆர். ராவும். இந்த ராவ் எங்கே படித்தவர் தெரியுமா? நம் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில்! பெங்களூருவும் கிண்டியும் சேர்ந்த அந்த நான்கு பக்கம் இல்லாவிட்டால் ஜேபெக்கும் இன்றைய வீடியோவும் இந்த உருவத்தில் இருந்திருக்காது!

அடுத்த அதிசயம். ஒரு ஜேபெக் படத்தை வெட்டிச் சேமித்தாலே தரம் கொஞ்சம் குறையும் என்பார்கள். ஒரு துளிகூடக் குறையாமல் வெட்ட முடியும், தெரியுமா? 'ஜேபெக்ட்ரான்' என்று ஓர் இலவச மென்பொருள். அது படத்தைப் பிக்சல்களாக விரிப்பதே இல்லை. நசீர் அகமதின் சதுரங்களை அப்படியே முழுசாக எடுத்துத் தருகிறது! ஆனால் ஒரு பிடிவாதம் உண்டு. 100-ஆவது பிக்சலிலிருந்து வெட்டு என்றால் வெட்டாது. 96-க்குப் பின்வாங்கி, சதுரத்தின் விளிம்பில்தான் கத்தி வைக்கும்!

எல்லாம் சரி, வலைப்பக்கத்துக்காக எதற்குப் படத்தை வெட்ட வேண்டும்? காலத்தைக் கொஞ்சம் பின்னால் ஓட்டுங்கள். 1995 ஆகஸ்ட் 15. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்த நாள். டயல்-அப் வேகம்? நொடிக்கு 9.6 கிலோபிட்! 100 கிலோபைட் படம் ஒன்று இறங்க எவ்வளவு நேரம் தெரியுமா? 85 நொடி! ஒரே ஒரு படத்துக்கு! அதனால்தான் அந்தக் காலத்து வலை வடிவமைப்பாளர்கள் பெரிய படத்தைச் சிறு துண்டுகளாக்கி, அட்டவணைக் கட்டங்களில் இடைவெளி தெரியாமல் அடுக்கினார்கள். துண்டு துண்டாகப் படம் தோன்றும். பார்ப்பவரும் ஓடிப்போக மாட்டார்!

அந்தக் கட்டங்கள் சரிந்துவிடாமல் முட்டுக்கொடுத்தது எது தெரியுமா? கண்ணுக்கே தெரியாத ஒரு படம்! ஒரு பிக்சல் அகலம், ஒரு பிக்சல் உயரம், முழுக்க ஒளி ஊடுருவும் ஜிஃப். எடை 43 பைட்! இந்த வாக்கியத்தைவிட இளைத்த படம்!

இப்படிப் படத்தை நறுக்கும் வேலையை இலவசமாகச் செய்து தரும் மென்பொருள்தான் ஜிம்ப். 1995-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கியது. அளவுகோல் ஓரத்திலிருந்து கைடு கோடுகளை இழுத்துப் படத்தின் மேல் போடுங்கள். ஒரு கட்டளை. மைசூர்பாகுக்கு வில்லை போட்ட மாதிரி படம் துண்டாகிவிடும்! அந்தக் கட்டளைக்கு முன்பு என்ன பெயர் தெரியுமா? 'கில்லட்டின்'! ஆமாம், பிரெஞ்சுப் புரட்சியில் தலை வெட்டிய அதே கருவி! பயந்துவிட வேண்டாம், காகிதம் வெட்டும் இயந்திரத்துக்கும் அச்சகங்களில் அதே பெயர்தான். இப்போது சாதுவாகப் பெயர் மாற்றிவிட்டார்கள். எனக்குப் பழைய பெயர்தான் பிடிக்கும்!

இன்னொரு ரகசியம்: ஜிம்பின் பழைய பதிப்புகளில், 'வெப்' பட்டியலில் 'ஸ்லைஸ்' என்று ஒன்று உண்டு. துண்டுகளை வெட்டித் தருவதோடு நிற்பதில்லை. அவற்றை வலைப்பக்கத்தில் அடுக்கத் தேவையான ஹெச்டிஎம்எல் அட்டவணையையும் அதுவே எழுதித் தருகிறது! சம்பளம்? பூஜ்யம்!

அப்புறம் என்ன ஆயிற்று? 2004 மார்ச்சில் டேவ் ஷே என்ற வடிவமைப்பாளர் ஒரு கட்டுரை எழுதினார். படத்தை நறுக்காதீர்கள், எல்லாப் படங்களையும் ஒரே படமாக ஒட்டுங்கள், தேவையான மூலையை மட்டும் காட்டுங்கள் என்றார். 'ஸ்ப்ரைட்' என்ற அந்த உத்தி பிடித்துக்கொண்டது. நறுக்கும் தொழிலுக்குச் சாவுமணி அடித்தாயிற்று என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

செத்ததா? இல்லவே இல்லை! அதற்கடுத்த ஆண்டுகளில் அது பூமியையே நறுக்கக் கிளம்பிவிட்டது!

இணைய வரைபடத்தில் விரலை வைத்து இழுக்கிறீர்களே, அது ஒரே படம் இல்லை, தெரியுமா? பல வரைபடங்களில் 256க்கு 256 பிக்சல் சதுரங்கள்! 'டைல்' என்பார்கள். உலகம் முழுவதும் முதலில் ஒரே ஒரு டைல். ஒரு படி பெரிதாக்கினால் 4. இன்னொரு படி, 16. பத்தாவது படியில் 10,48,576! பதினெட்டாவது படியில்? மூச்சை இழுத்துப் பிடியுங்கள்... 6,871 கோடியே 94 லட்சத்து 76 ஆயிரத்து 736! உலகில் தலைக்கு எட்டு டைல் கொடுத்தால்தான் கணக்குத் தீரும்! அந்தப் படியில் பெங்களூருவின் ஒரு டைல் எவ்வளவு நிலத்தைக் காட்டும்? பக்கத்துக்கு 150 மீட்டர்கூட இல்லை. ஒரு தெருமுனை, ஒரு தர்ஷினி ஹோட்டல், நாலைந்து மரம், அவ்வளவுதான்!

ஒவ்வொரு டைலுக்கும் முகவரி உண்டு, தெரியுமா? பெங்களூருவின் முகவரி 10/732/474! பத்தாவது படி, இடமிருந்து 732, மேலிருந்து 474. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும். விதான சௌதா, லால்பாக், எலகங்கா எல்லாம் இந்த ஒரே சதுரத்துக்குள் அடங்கும். பக்கத்துக்கு 38 கிலோமீட்டர்!

ஆனால் பெங்களூரு ஒரு டைலில் அடங்குகிற ஊரா? ஒயிட்ஃபீல்டு எங்கே இருக்கிறது தெரியுமா? அடுத்த டைலில், 733/474! எலெக்ட்ரானிக் சிட்டி? கீழ் டைலில், 732/475! சில்க் போர்டு சந்திப்போ முதல் டைலிலேயே. ஒயிட்ஃபீல்டில் குடியிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகும் நண்பரிடம் சொல்லுங்கள், அவர் தினமும் டைல் விட்டு டைல் தாவுகிறார் என்று! விமான நிலையத்தின் டெர்மினலும் பக்கத்து டைலுக்குத் தப்பிவிட்டது. நான்கு டைல்களும் சந்திக்கும் மூலை சர்ஜாபூர் சாலைப் பக்கம் விழுகிறது. அங்கே வீடு வாங்கியவர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம், விளம்பரத்தில் இதை இன்னும் யாரும் போடவில்லை!

இன்னும் ஒன்று. சென்னை சென்ட்ரலின் முகவரி 740/474. கவனித்தீர்களா? அதே 474! வேலூர்க் கோட்டை? 737/474! பெங்களூரு, வேலூர், சென்னை மூன்றும் ஒரே வரிசை! பெங்களூருவிலிருந்து சரியாக எட்டு டைல் கிழக்கே போனால் சென்னை! ரயிலில் தூங்காமல் எண்ணிக்கொண்டே போகலாம்!

இப்படி வெட்டுவதற்கு என்ன கருவி? 'ஜிடால்' என்ற இலவச மென்பொருள். 1998-இல் ஃப்ராங்க் வார்மர்டாம் தொடங்கியது. செயற்கைக்கோள் படமோ பழைய வரைபடமோ, எந்த இடம் என்ற விவரத்தோடு கொடுத்தால், அதன் 'ஜிடால்-டு-டைல்ஸ்' கருவி படிப்படியாக நறுக்கி, கோப்புறை கோப்புறையாக அடுக்கி, பார்ப்பதற்கு ஒரு வலைப்பக்கத்தையும் கையோடு எழுதித் தந்துவிடும்! அந்தக் கருவி எப்படி வந்தது தெரியுமா? 2007-இல் க்ளோகன் பெட்ர் பிரிடால் என்ற மாணவர் ஒரு கோடை விடுமுறைத் திட்டத்துக்காக எழுதியது! நாம் கோடை விடுமுறையில் என்ன செய்தோம் என்று கேட்காதீர்கள்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தின் சமையலறையில் ஒரு தந்திரம் நடக்கிறது, தெரியுமா? டைல்களை ஒவ்வொன்றாக வரைவதில்லை! 64 டைல் அளவுக்கு, எட்டுக்கு எட்டாக, ஒரே பெரிய படம் வரைந்துவிட்டு அப்புறம்தான் வெட்டுகிறார்கள். எதற்கு? தனித்தனியாக வரைந்தால் 'மல்லேஸ்வரம்' என்ற பெயர் ஒரு டைலில் 'மல்லே' என்று நின்றுவிடக்கூடும்!

பிரவுசரையே ஏமாற்றிய கதை தெரியுமா? ஒரே சர்வரிடம் ஒரு நேரத்தில் ஆறு கோப்புகளுக்கு மேல் கேட்க மாட்டேன் என்று அடம் பிடித்தன பிரவுசர்கள். வரைபடக்காரர்கள் என்ன செய்தார்கள்? ஒரே சேவைக்கு ஏ, பி, சி என்று மூன்று பெயர் வைத்தார்கள்! மூன்றும் வேறு வேறு என்று நம்பி, பிரவுசர் பதினெட்டு டைல்களை ஒரே நேரத்தில் கேட்டது! 2015-இல் ஹெச்டிடிபி-2 என்ற இணைய நெறிமுறை வந்த பிறகுதான் இந்த வேஷம் தேவையில்லாமல் போனது.

கணினிக்கெல்லாம் முன்னால் பெங்களூரு மண்ணையே துண்டு போட்டவர் ஒருவர் உண்டு! வில்லியம் லாம்டன். நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து இந்தியாவை அளந்தவர். அவருடைய பேர்பெற்ற அடிக்கோடு 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே போட்டது. அதற்கும் முன்பே, 1800-இல், ஏழு மைலுக்கு மேல் நீளமான ஒரு கோட்டை எங்கே அளந்தார் தெரியுமா? பெங்களூருவில்! அளந்த சங்கிலி 100 அடி எஃகுச் சங்கிலி. அது யாருக்காகச் செய்தது? சீனப் பேரரசருக்குப் பரிசாக! அங்கே போணியாகாத சங்கிலி, கடைசியில் பெங்களூரு மண்ணில் புரண்டது!

நறுக்குகிறவர்கள் ஓவியத்தையும் விடவில்லை. ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' ஓவியத்தை ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் 8,439 போட்டோக்களாக எடுத்து, 2022-இல் ஒன்றாக ஒட்டியது. மொத்தம் எத்தனை பிக்சல்? 71,700 கோடி! 256 சதுரமாக நறுக்கினால் ஒரு கோடியே ஒன்பது லட்சம் துண்டு! இப்படிப்பட்ட ராட்சசப் படங்களைச் சாதாரணக் கணினியிலும் வெட்டலாம், தெரியுமா? 'லிப்விப்ஸ்' என்ற இலவச மென்பொருள் முழுப் படத்தையும் நினைவகத்தில் ஏற்றாமல், கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வெட்டும். அதுவே ஓவியங்களைப் படமெடுப்பதற்கான ஓர் ஐரோப்பியத் திட்டத்தில் பிறந்த பிள்ளைதான்!

இன்ஸ்டாகிராமில் ஒரே படத்தை ஒன்பது கட்டமாகப் போடுகிறார்களே, அதற்கு விளம்பரம் மண்டிய செயலிகள் எதற்கு? 1987-இல் டூபான்ட் நிறுவனத்தில் ஜான் கிறிஸ்டி எழுதத் தொடங்கி, 1990 ஆகஸ்டில் உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்த 'இமேஜ்மேஜிக்' இருக்கிறது. 3க்கு 3 என்று ஒரே ஒரு வரி தட்டினால் ஒன்பது துண்டும் தயார்! இருநூறுக்கும் மேற்பட்ட பட வடிவங்களை அது படிக்கும்!

கடைசியாக ஒரு வேண்டுகோள். டைல் ஆசை வந்துவிட்டதா? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் சர்வரிலிருந்து ஊர் மொத்தத்தையும் அள்ளிவிடாதீர்கள்! அது நன்கொடையில் ஓடும் சர்வர்; மொத்தமாக இறக்குவதற்கு அங்கே தடை உண்டு. வரைபடத் தரவு இலவசமாகவே கிடைக்கிறது, ஜிடாலும் இலவசம். உங்கள் ஊரைப் படமாக வரைந்து, டைலை நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள்!