எக்கனாமிக்ஸுக்கு டியூஷன் சார் எங்க கிடைப்பார்? திண்டுக்கல், சிறுமலை மாணவர்களுக்கு ஒரு கைடு

"அண்ணே, எக்கனாமிக்ஸுக்கு யாராச்சும் நல்ல சார் இருந்தா சொல்லுங்கண்ணே..."

சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் திண்டுக்கல்காரர்களுக்கு இப்படி ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் புதுசு இல்லை. ஊரில் தம்பியோ, தங்கச்சியோ, சித்தப்பா பொண்ணோ ப்ளஸ் டூ காமர்ஸ் குரூப்பில் இருப்பார்கள். 'நீதான் வெளியூர்ல இருக்க, நாலு பேரைத் தெரியும்' என்று ஆசிரியர் தேடும் பொறுப்பு உங்கள் தலையில் வந்து விழும்.

கணக்கு, பிசிக்ஸ், அக்கவுண்டன்சிக்கு போர்டு மாட்டிய சென்டர்கள் கண்ணில் படும். எக்கனாமிக்ஸுக்கு மட்டும் என்று தேடினால்தான் திணறல். "அது மனப்பாடப் பாடம்தானே, அதுக்கெதுக்கு டியூஷன்?" என்ற பதில்தான் முதலில் வரும். சிறுமலை மாதிரி ஊர் என்றால் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்ளும். திண்டுக்கல் டவுனுக்கு சுமார் 25 கிலோமீட்டர், நடுவில் 18 கொண்டை ஊசி வளைவுகள். சாயங்காலம் டவுனில் டியூஷன் முடித்துவிட்டு இருட்டில் மலையேறுவது தினமும் நடக்கிற காரியம் இல்லை.

அப்போ என்ன செய்யலாம்? ஸ்டெப் பை ஸ்டெப்பாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: டியூஷன் உண்மையிலேயே தேவையா?

ஆள் தேடும் முன் கடைசியாக எழுதிய தேர்வின் விடைத்தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேட் போர்டு ப்ளஸ் டூ எக்கனாமிக்ஸில் எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண், அகமதிப்பீடு 10. அந்த 90 இப்படிப் பிரிகிறது: ஒரு மதிப்பெண் கேள்விகள் 20, இரண்டு மதிப்பெண் 7, மூன்று மதிப்பெண் 7, ஐந்து மதிப்பெண் 7.

இதில் போன மதிப்பெண்களை மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

1. படிக்கவே இல்லை, அதனால் போனது.
2. படித்தும் புரியாமல் போனது.
3. புரிந்தும் எழுதத் தெரியாமல், படம் போடத் தெரியாமல் போனது.

முதல் குவியல்தான் பெரிதாக இருக்கிறதா? டியூஷன் வேண்டாம், டைம்டேபிள் போதும். ஒரு மதிப்பெண் கேள்விகளில் நிறைய போயிருந்தால் பாடப் புத்தகத்தை வரி வரியாக ஒருமுறை வாசித்தாலே பாதி திரும்பி வரும். இரண்டாவதும் மூன்றாவதும் பெரிதாக இருந்தால்தான் ஓர் ஆசிரியர் தேவை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். ஸ்டேட் போர்டில் தேவை, அளிப்பு, செலவு, அங்காடி எல்லாம் வரும் நுண்ணியல் பகுதி 11-ம் வகுப்பில் இருக்கிறது. தேசிய வருவாய், பணம், வங்கி, நிதிக்கொள்கை எல்லாம் வரும் பேரியல் பகுதி 12-ல் இருக்கிறது. 2025-26 கல்வியாண்டு முதல் 11-ம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை. 'பப்ளிக் இல்லையே' என்று அந்த வருடத்தைத் தாண்டிக் குதித்தவர்கள், 12-ல் ஒரு வரைபடத்தைப் பார்த்ததும் முழிப்பார்கள். பிரச்னை 12-ம் வகுப்புப் பாடத்தில் இருக்காது, 11-ல் விட்ட அடித்தளத்தில் இருக்கும். வரப்போகும் ஆசிரியரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எந்த எக்கனாமிக்ஸ்?

'எக்கனாமிக்ஸ் டியூஷன்' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான ஆள்தான் கிடைப்பார். ஆனால் ஒரே பெயரில் இருப்பவை நான்கு வேறு பாடங்கள்.

ஸ்டேட் போர்டு: இரண்டு வருடங்களுக்கும் தலா 12 அத்தியாயங்கள். 11-ன் கடைசியில் கணித முறைகள், 12-ன் கடைசியில் புள்ளியியல். தமிழ் மீடியம் மாணவருக்குத் தமிழ்க் கலைச்சொற்களில் பாடம் நடத்தத் தெரிந்தவர் வேண்டும்.

சிபிஎஸ்இ: 11-ல் புள்ளியியலும் நுண்ணியலும், 12-ல் பேரியலும் இந்தியப் பொருளாதார வளர்ச்சியும். எழுத்துத் தேர்வு 80, புராஜெக்ட் 20.

சிஏ ஃபவுண்டேஷன்: நான்காவது தாள் பிசினஸ் எக்கனாமிக்ஸ். 100 மதிப்பெண்ணும் அப்ஜெக்டிவ், தப்பான விடைக்கு கால் மதிப்பெண் குறையும். ப்ளஸ் டூவுக்குப் பக்கம் பக்கமாக எழுதப் பழக்கும் ஆசிரியர் இதற்குச் சரிப்பட மாட்டார். இந்தத் தேர்வை நடத்தும் ஐசிஏஐ அமைப்பே இலவச நேரலை வகுப்புகள் நடத்துகிறது. பணம் கட்டும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

டிஎன்பிஎஸ்சி: பொது அறிவுப் பகுதியில் இந்தியப் பொருளாதாரம் வரும். வேலை பார்த்துக்கொண்டே நீங்களே தயாராகிறீர்கள் என்றால், 11, 12 வகுப்புப் புத்தகங்களில் தொடங்குவது போதும். தனி ஆசிரியர் அவசியம் இல்லை.

எங்கே தேடுவது?

முதல் இடம், பள்ளியிலேயே இருக்கும் எக்கனாமிக்ஸ் ஆசிரியர். காசு கிடையாது, பாடத்திட்டம் அத்துப்படி. ஆனால் பிள்ளைகள் சந்தேகம் கேட்கக் கூச்சப்படுவார்கள். "மிஸ், இந்த ரெண்டு படம் மட்டும் புரியல" என்று குறிப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். 'ஒண்ணுமே புரியல' என்றால் யாராலும் உதவ முடியாது.

அதே அரசுப் பள்ளி ஆசிரியரிடம் 'வீட்டுல தனியா எடுங்க சார்' என்று மட்டும் கேட்காதீர்கள். 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவு, ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான கல்விக்கானதுதான். ஆனாலும் அனுமதி இல்லாமல் வெளியே சம்பாதிப்பதை அரசு ஊழியர் நடத்தை விதிகளும் தடுக்கின்றன. நல்ல ஆசிரியரை நாமே சிக்கலில் மாட்டிவிட வேண்டாமே.

இரண்டாவது இடம், நம்ம ஊரில் பலரும் யோசிக்காத ஒன்று. திண்டுக்கல் - மதுரை சாலையில், சின்னாளபட்டி பக்கத்தில் இருக்கும் காந்திகிராம கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகம். 1956-ல் தொடங்கிய நிறுவனம் இது, 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. பொருளாதாரத்துக்குத் தனித் துறை இருக்கிறது. அங்கேயும் மற்ற கலைக் கல்லூரிகளிலும் எம்.ஏ. படிப்பவர்கள், ஆராய்ச்சி மாணவர்கள் இருப்பார்கள். அவர்களில் பலர் தமிழ் மீடியத்தில் படித்து, பிறகு ஆங்கிலத்தில் பொருளாதாரம் கற்றவர்களாக இருக்கக்கூடும். உங்கள் தங்கச்சி அடுத்த வருடம் கல்லூரியில் சந்திக்கப்போகும் சிரமத்தை ஏற்கெனவே தாண்டி வந்தவர்கள் அவர்கள்தான். துறையில் தெரிந்த பேராசிரியர் மூலமாகக் கேட்பது, ஃபேஸ்புக்கில் போஸ்ட் போட்டுத் தேடுவதைவிட நம்பகமானது.

மூன்றாவது, ஆன்லைன். மலையில் இருப்பவருக்கு இதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். ஆனால் யூடியூப் வீடியோ ஆசிரியர் ஆகாது. அது பேசும், உங்கள் விடைத்தாளைப் பார்க்காது.

டெமோ கிளாஸ்: ஒரு மணி நேரத்தில் ஆளைக் கணிக்கலாம்

'எங்க ஸ்டூடண்ட் சென்டம்' என்ற போஸ்டரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த மாணவர் டியூஷனே போகாமலும் சென்டம் எடுத்திருக்கலாம். டெமோ கிளாஸ் கேளுங்கள். தர மறுத்தால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

டெமோவில் என்ன நடத்தச் சொல்வது? தேவை நெகிழ்ச்சி நல்ல சாய்ஸ். பலரும் தடுக்கி விழும் இடம் அது. சிறுமலை மாணவருக்கு உதாரணம் வாசலிலேயே இருக்கிறது, புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை வாழைப்பழம்.

ஒரு கற்பனைக் கணக்கு. பழம் ஒன்று 10 ரூபாய்க்கு விற்கும்போது 100 பழம் போகிறது. விலை 12 ரூபாய் ஆகிறது, அதாவது 20 சதவிகித ஏற்றம். இப்போது 90 பழம்தான் விற்கிறது, 10 சதவிகிதம் குறைவு. நெகிழ்ச்சி 10-ஐ 20-ஆல் வகுத்தால் 0.5. விற்பனை குறைந்தும் வருமானம் 1,000-லிருந்து 1,080 ரூபாய் ஆகிறது. அதே விலையேற்றத்தில், பக்கத்துக் கடையில் பூவன் பழம் மலிவாகக் கிடைப்பதால் 70 பழம்தான் விற்றது என்று வைப்போம். நெகிழ்ச்சி 1.5, வருமானம் 840 ரூபாய்தான். விலையை ஏற்றியது ஒரு கடைக்கு லாபம், இன்னொன்றுக்கு நஷ்டம். ஏன்? மாற்றுப் பொருள் இருந்ததும் இல்லாததும்தான் காரணம். இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு வரையறையை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

ஆசிரியர் இதே உதாரணத்தைச் சொல்ல வேண்டும் என்பதில்லை. நீங்கள் பார்க்க வேண்டியவை மூன்று.

பேனா யார் கையில் இருக்கிறது? ஒரு மணி நேரமும் ஆசிரியரே படம் போட்டு, மாணவர் காப்பி அடித்தால் அது நோட்ஸ் வாங்கும் வகுப்பு. மாணவர் கையால் குறைந்தது இரண்டு படமாவது போட்டிருக்கணும்.

தப்பான பதிலை எப்படி எடுத்துக்கொள்கிறார்? 'வாழையில் நோய் வந்து வரத்து குறைஞ்சா எந்தக் கோடு நகரும்?' என்ற கேள்விக்கு, 'விலை ஏறும், ஆள் வாங்க மாட்டாங்க, அதனால தேவைக் கோடு நகரும்' என்று பலர் சொல்வார்கள். தப்பு. அளிப்புக் கோடுதான் இடப்பக்கம் நகரும். தேவைக் கோடு அப்படியே இருக்கும், அதன் மேலேயே நாம் ஏறிப் போகிறோம். மோசமான ஆசிரியர் 'அப்படி இல்ல, எழுதிக்கோ' என்பார். நல்லவர் 'ஏன் அப்படி நினைச்சே? வரைஞ்சு காட்டு' என்பார்.

இரண்டு மொழியிலும் சொல் தருகிறாரா? 'நெகிழ்ச்சி' என்று படித்த பிள்ளை கல்லூரியில் 'எலாஸ்டிசிட்டி' என்று கேட்டதும் புதுப் பாடம் என்று நினைத்துப் பயந்துபோகும். நோட்டில் ஒரு பக்கம் தமிழ், எதிர்ப்பக்கம் ஆங்கிலம் என்று எழுத வைக்கும் ஆசிரியரை விட்டுவிடாதீர்கள்.

டெமோ முடிந்ததும் பெற்றோரிடம் கருத்துக் கேட்காதீர்கள். பிள்ளையிடம் "இன்னிக்கு என்ன படிச்சே? எனக்குச் சொல்லிக் கொடு" என்று போனில் கேளுங்கள். ஐந்து நிமிடம் உங்களுக்கு விளக்க முடிந்தால் ஆசிரியர் பாஸ்.

செலவு எவ்வளவு ஆகும்?

மத்திய அரசு 2025-ல் நடத்திய கல்வி குறித்த மாதிரி ஆய்வின்படி, நாட்டில் 27 சதவிகித மாணவர்கள் அந்தக் கல்வியாண்டில் தனிப் பயிற்சிக்குப் போனார்கள். மேல்நிலை வகுப்பு மாணவர் ஒருவருக்கு இதற்கான சராசரி ஆண்டுச் செலவு நகரத்தில் 9,950 ரூபாய், கிராமத்தில் 4,548 ரூபாய். மலையில் கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை.

அதனால் வருடம் முழுக்கத் தேவையில்லை. விடைத்தாளில் கண்டுபிடித்த சிக்கல் பாடங்களுக்கு மட்டும் எட்டு, பத்து வகுப்புகள் என்று பேசிப் பாருங்கள். மூன்று நான்கு பிள்ளைகள் சேர்ந்தால் செலவைப் பங்கு போடலாம். சனி, ஞாயிறு பகலில் இரண்டு மணி நேரம் நேரில், வாரநாளில் ஒருமுறை போனில் சந்தேகம் என்று வைத்தால் மலைப் பயணமும் வாரத்துக்கு ஒன்றுதான். சிக்னல் விட்டு விட்டு வந்தால் வீடியோ காலுக்கு மல்லுக்கட்ட வேண்டாம். விடையை எழுதி போட்டோ எடுத்து அனுப்பட்டும், ஆசிரியர் திருத்தி வாய்ஸ் நோட் அனுப்பட்டும். குறைந்த டேட்டாவில் முடியும்.

சென்டரில் சேர்ப்பதாக இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 50-க்கும் மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் பயிற்சி மையங்களுக்காக மத்திய அரசு 2024 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆசிரியர்கள் குறைந்தது பட்டதாரியாக இருக்க வேண்டும், மதிப்பெண்ணுக்கு கேரண்டி தரக் கூடாது, பாதியில் விலகினால் மீதிக் கட்டணத்தை 10 நாளில் திருப்பித் தர வேண்டும் என்கிறது அது. இதை அமல்படுத்துவது மாநிலங்களின் கையில். வீட்டில் சொல்லிக்கொடுக்கும் தனி ஆசிரியருக்கு இது பொருந்தாது. அதனால் மாதாமாதம் கட்டுங்கள், மொத்தமாகக் கட்டாதீர்கள்.

பாதுகாப்பு: கூச்சப்படாமல் பேசுங்கள்

ஆசிரியர் யார், எங்கே தங்கியிருக்கிறார் என்று நேரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வகுப்பு திறந்த அறையில், வீட்டில் பெரியவர்கள் இருக்கும் நேரத்தில் நடக்கட்டும். முடிந்தால் தனியாக இல்லாமல் இரண்டு மூன்று பேராகப் படிக்கட்டும். மெசேஜ்கள் பெற்றோரும் இருக்கும் குரூப்பில் வரட்டும். நல்ல ஆசிரியர் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஏதாவது சரியில்லை என்று பிள்ளை சொன்னால் முதலில் நம்புங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, கட்டணம் இல்லை.

ஒரு மாதம் கழித்து...

அதே விடைத்தாள் டெஸ்ட்டை மறுபடி செய்யுங்கள். 'இறுதிநிலை நுகர்வு விருப்பு 0.8 என்றால் பெருக்கி எவ்வளவு?' என்று கேளுங்கள். '5' என்று விடை மட்டும் வந்தால் பாதி வெற்றி. "100 கோடி புதுசா முதலீடு வந்தா வருமானம் 500 கோடி கூடும், ஏன்னா ஒருத்தர் செலவு இன்னொருத்தர் வருமானம்ல" என்று சேர்த்துச் சொன்னால், கொடுத்த காசு வீண் போகவில்லை.

இன்னொரு அடையாளமும் உண்டு. போகப் போக ஆசிரியருக்கு வரும் சந்தேகங்கள் குறையணும். மாசாமாசம் டியூஷன் நேரம் கூடிக்கொண்டே போனால் பாடம் ஏறவில்லை, பழக்கம்தான் ஏறுகிறது என்று அர்த்தம். அப்போது ஆசிரியரை மாற்றத் தயங்காதீர்கள்.

ஊரில் இருந்து அடுத்த முறை மெசேஜ் வந்தால் நம்பர் தேடுவதற்கு முன், "கடைசி பரீட்சை பேப்பரை போட்டோ எடுத்து அனுப்பு" என்று பதில் போடுங்கள். தேடல் அங்கிருந்துதான் தொடங்கணும்.