மாநில எல்லையும் வாகனமோட்டும் உரிமமும்: நெகிரி செம்பிலான் தோட்டப்புற நோக்கு

நெகிரி செம்பிலானின் தம்பின் நகரை ஒட்டியே மலாக்காவின் புலாவ் செபாங் அமைந்துள்ளது. கிம்மாஸ் நகரைக் கடந்தால் ஜொகூரின் கிம்மாஸ் பாரு. இவ்வட்டாரத் தோட்டத் தமிழர் தொழிலுக்காகவும் கடைத்தெருவுக்காகவும் மாநில எல்லையைக் கடப்பது அன்றாட வழக்கம். ஒரு மாநிலத்தில் இடைநிறுத்தப்பட்ட வாகனமோட்டும் உரிமம் அடுத்த மாநிலத்தில் செல்லுபடியாகுமா என்னும் ஐயத்தை இக்கட்டுரை தெளிவுபடுத்த முற்படுகிறது.

செல்லுபடியாகாது என்பதே விடை. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை, இயந்திர வாகனங்களைக் கூட்டரசின் அதிகாரத்தில் வைத்துள்ளது. 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் நாடு முழுமைக்கும் பொதுவானது. சிரம்பானில் பெற்ற உரிமமும் ஜொகூர் பாருவில் பெற்ற உரிமமும் ஒரே இலாகாவின் உரிமங்களே. குற்றம் எம்மாநிலத்தில் நிகழினும் கேஜாரா குற்றப்புள்ளிகள் ஒரே கணக்கில் சேரும்.

கூட்டாட்சி நாடுகள் அனைத்திலும் நிலை இவ்வாறன்று. அமெரிக்காவில் உரிமம் வழங்குவது மாநிலங்களே. ஒரு மாநிலத்துத் தண்டனையை மற்றொன்று அறியும் பொருட்டு 1960களில் மாநிலங்களிடையே தனி உடன்படிக்கை தேவைப்பட்டது. இந்தியாவிலும் மாநில அலுவலர்களே உரிமம் வழங்குகின்றனர். எனினும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி அது நாடெங்கும் செல்லும்.

தோட்டப்புறப் பேச்சில் 'லைசென்ஸ் போய்விட்டது' என்னும் ஒரே தொடர் மூன்று நிலைகளைக் குறிக்கிறது. இடைநிறுத்தம் என்பது குறித்த காலத்திற்கு மட்டும் உரிமம் செயலிழப்பது. இரத்து என்பது உரிமத்தையே இழப்பது. தகுதியிழப்பு என்பது உரிமம் வைத்திருக்கவோ பெறவோ கூடாதென நீதிமன்றம் தடுப்பது. செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநருக்கு இவ்வேறுபாடு பிழைப்பையே நிர்ணயிப்பதாகும். இடைநிறுத்தத்தை இரத்தெனக் கருதி வேலையைத் துறப்பதும், தகுதியிழப்பை இடைநிறுத்தமென எண்ணி வண்டியெடுப்பதும் கேடு பயப்பனவே.

மாநில எல்லை பொருட்டன்று எனின், எந்த எல்லை பொருட்டாகிறது? தோட்டத்து எல்லையே. சட்டம் 'சாலை' என்பதற்குத் தரும் பொருள் விளக்கம், பொதுமக்கள் செல்லும் சாலைகளை உள்ளடக்கி, தனியார் பராமரிக்கும் தனியார் சாலைகளை விலக்குகிறது. எனவே, உரிமமின்றி லயத்துக்கும் வெளிக்காட்டுக்கும் இடையே மோட்டார் சைக்கிளோட்டிப் பழகிய இளைஞன், அதே பழக்கத்தில் பொதுச் சாலையில் ஏறிய கணமே குற்றவாளியாகிறான். விபத்து நேரின் காப்புறுதியும் சிக்கலாகும்.

மோட்டார் சைக்கிள் உரிமம் பெறக் குறைந்த வயது 16. அவ்வயதில் மாணவன் இடைநிலைப்பள்ளியில் இருக்கிறான். அங்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர், கலைச்சொற் பாடமாகவேனும் இம்மூன்று சொற்களின் பொருளை விளக்குவது சாலச் சிறந்தது. பொருள் புரியாத அறிவிப்புக் கடிதம் ஒரு குடும்பத்தின் வருவாயைப் பறித்துவிடக்கூடும்.