பாதி வண்டிக்கு முழு வாடகையா?

உத்திரமேரூர் பக்கம் காய்கறி பயிரிடும் விவசாயிகளே, கோயம்பேட்டில் விலை கேட்கும் முன் வண்டிக் கணக்கைப் பாருங்கள். 'குட்டி யானை' 750 கிலோ ஏற்றும். வாடகை 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் மட்டும் 300 கிலோ ஏற்றினால் கிலோவுக்கு 10 ரூபாய். அக்கம்பக்கத்தாருடன் சேர்ந்து நிரப்பினால் 4 ரூபாய்தான்.

எந்தத் தடத்தில், எந்த நாளில், எத்தனை வண்டி என்பதைப் பெரிய சரக்கு நிறுவனங்கள் கணினியில் கணக்கிட்டு முன்கூட்டியே முடிவு செய்கின்றன. நமக்கு ஒரு நோட்டு போதும். யார், என்றைக்கு, எத்தனை கிலோ பறிக்கிறார் என்று இரண்டு வாரம் எழுதுங்கள். பிறகு புறப்படும் கிழமையையும் நேரத்தையும் நிர்ணயித்துவிடுங்கள். சரக்கு சேரட்டும் என்று வண்டி காத்திருந்தால் கீரையும் வெண்டையும் வாடிவிடும். பூசணி, சேனை பொறுத்திருக்கும். மிச்ச இடத்துக்கு அவை.

வாலாஜாபாத்தில் எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிய லாரிக்கு மாற்றலாமே என்பீர்கள். வாடகை குறையும். ஆனால் ஏற்றுக்கூலி இரண்டு முறை, தக்காளி நசுங்குவது தனி. பிளாஸ்டிக் கிரேட் இல்லாமல் அதில் இறங்காதீர்கள்.

2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு மூடப்பட்டு, காய்கறிச் சந்தை திருமழிசைக்கு மாறியது நினைவிருக்கும். எனவே காஞ்சிபுரம் ராஜாஜி மார்க்கெட்டுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.