ஒரு தட்டா, இரண்டு தட்டா?

ஆம்பூர் தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் ஒரு சோதனை உண்டு. குரோம் பதனிட்ட தோலில் சின்னத் துண்டு வெட்டி, காகிதத்தில் வைத்து ஓரத்தை வரைந்துகொள்வார்கள். பிறகு கொதிக்கும் நீரில் சில நிமிடம் போட்டு எடுத்து, அதே கோட்டின் மேல் வைப்பார்கள். சுருங்காமல் பொருந்தினால் பதம் சரி. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் இதில் தேறாது. 80 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே சுருண்டுவிடும்.

கார் கிளட்ச்சுக்கும் தோலுக்கும் பழைய உறவு இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல கார்களின் கிளட்ச்சில் உராயும் பரப்பே தோல்தான். புனல் வடிவ உலோகத்தின் மேல் தோலை இழுத்து ரிவெட் அடித்திருப்பார்கள். தோல் காய்ந்தால் வெடுக்கென்று பிடித்து வண்டி குதிக்கும்; விளக்கெண்ணெய் தடவி இளக்குவார்கள். எண்ணெய் மிஞ்சி வழுக்கினால் முல்தானி மட்டியைத் தூவுவார்கள். அதிகம் வழுக்கவிட்டால் தோல் கருகிப்போகும். இன்றைய கிளட்ச்சில் தோல் இல்லை. எவ்வளவு பிடிக்கும், எவ்வளவு சூடு தாங்கும் என்ற இரண்டு கேள்விகளும் அப்படியே நிற்கின்றன.

இப்போது ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே ஒரு தட்டு நெருக்கப்பட்டிருக்கும். தட்டுக்கு இரண்டு முகம். சுமார் 500 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம், 0.3 உராய்வு எண், மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால், ஒற்றைத் தட்டு ஏறக்குறைய 300 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைக் கடத்தும். இன்னொரு தட்டும் நடுவில் ஓர் இரும்பு வளையமும் சேர்த்தால் முகங்கள் நான்காகி, 600 ஆகிவிடும். ஸ்பிரிங் அதேதான். அடுக்கி வைத்த தோல்களின் மேல் ஒரு கல்லை ஏற்றினால், மேல் தோலுக்கும் அடித் தோலுக்கும் அதே பாரம்தானே விழுகிறது? அதைப் போலத்தான்.

ஒற்றைத் தட்டையே பெரிதாக்கினால் ஆகாதா? லாரிக்கு ஆகும். ஷூ பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஆம்பூரிலிருந்து சென்னைத் துறைமுகம் போகும் லாரிகளில் பெரும்பாலும் அகலமான ஒற்றைத் தட்டுதான். அந்த எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்றைத் தாண்டுவது அபூர்வம், இடமும் தாராளம். ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சினோ 7,000 சுற்றுக்கு மேலும் போகும். தடிமன் மாறாத வட்டத் தட்டைச் சுழற்றும் பாரம், ஆரத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 240 மில்லிமீட்டர் தட்டை 184 ஆகக் குறைத்தால் அந்தப் பாரம் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் வந்துவிடும். அப்படி இரண்டு தட்டு போட்டாலும் பழையதில் 70 சதவீதம்தான்; அதே அழுத்தத்தில் தாங்கும் முறுக்கோ ஒன்றரை மடங்கு. கியர் சட்டென்று விழும். 638 குதிரைத்திறன் கொண்ட 2009 கார்வெட் இசட்ஆர்1 இரட்டைத் தட்டோடு வந்ததற்கு நியாயம் இதுதான். பெடலை மிதிக்க யானைக் கால் வேண்டியதில்லை.

இனிச் சூட்டைப் பார்ப்போம். 1,200 கிலோ கார், முதல் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு ஈடான சுற்றில் எஞ்சினை வைத்து கிளட்ச்சை வழுக்கவிட்டே கிளம்பினால், சுமார் 74 கிலோஜூல் வெப்பமாகிறது. 4 கிலோ இரும்பை அது 40 டிகிரி ஏற்றிவிடும். உராயும் முகத்தில் அந்த நொடியில் இன்னும் அதிகம். இரட்டைத் தட்டில் முகங்கள் நான்காகப் பங்கிட்டுக்கொண்டாலும், நடு வளையத்துக்கு இரண்டு பக்கமும் நெருப்பு. சூடு வெளியேற வழி குறைவு. பெடலை மிதித்தால் நான்கு முகமும் விலக வேண்டும்; வளையம் ஒட்டிக்கொண்டால் கியர் கரகரக்கும். நியூட்ரலில் கடகடவென்று சத்தமும் வரும்.

இதே நெடுஞ்சாலையில் சென்னைப் பக்கம் போனால் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம். அங்கே ஓடும் காருக்கு கிளட்ச்சின் பெரும்பாடு கிளம்பும் நேரத்தில்தான். சின்ன இரட்டைத் தட்டு பொருத்தம். ஷிஃப்ட் விடும் நேரத்தில் ஆம்பூர் பேருந்து நிலையம் பக்கம் அதே காரை ஓட்டிப் பாருங்கள். ஹாஃப் கிளட்ச்சிலேயே ஊர வேண்டும். உலோகத்தூள் முகம் கொண்ட பந்தயத் தட்டாக இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் வண்டி உதறும். எஞ்சின் முறுக்கு கம்பெனி கொடுத்த அளவிலேயே இருக்கும் காருக்கு நல்ல ஒற்றைத் தட்டே போதும் என்பேன்.

முடிவெடுக்கும் முன் காலியான சாலையில் டாப் கியரில் 50 கிலோமீட்டரில் போய் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். சுற்று ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. அப்போதும் கியர்பாக்ஸை இறக்கி, எஞ்சின் பின்புற ஆயில் சீலைத்தான் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். தட்டின் முகம் எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தால், இரண்டாவது தட்டு போட்டாலும் அதுவும் நனையும். மாற்ற வேண்டியது அந்த ரப்பர் வளையமும், ஊறிப்போன தட்டும்தான்.